மழைக்கால மலைப்பாதைக்கு ஜிப்ஸியில் எந்த லாக்கர் பொருத்துவது?

மிளகுக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடையில் எங்களுக்குக் காபியும் மிளகும் விளையும் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து களம் வரை மண்பாதைதான். வெயில் காலத்தில் ஃபோர் வீல் போடாமலே அதில் போய் வந்துவிடலாம். ஆனால் காபிப் பழம் பறிக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வந்து சேர்வதால், வண்டி அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் பாதையும் மிக மோசமாகக் கிடக்கிறது.

வண்டி மாருதி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். முன்சக்கரங்களில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் போட்டிருக்கிறேன். டயர்கள் மட் டெரெயின் வகை, இன்னும் தேயவில்லை. வளைவில் இடது, வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இரண்டும் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓப்பனாக, அதாவது பூட்டு எதுவும் இல்லாமல், இருக்கின்றன.

வண்டி நின்றுபோகும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஊற்றுநீர் கசிந்துகொண்டே இருக்கும் ஒரு கொண்டை ஊசி வளைவு, களிமண் ஏற்றம். இரண்டாவது, அதற்கு மேலே மழைத்தண்ணீர் பாதையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு ஓடிய தடங்கள். அவற்றைக் கடக்கும்போது முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் அதற்கு எதிர்மூலையில் உள்ள சக்கரமும் தொங்கிப்போய், அவை இரண்டும் வீணாகச் சுழல, தரையில் இருக்கும் மற்ற இரண்டும் அசையாமல் நிற்கின்றன. பின்னால் பழமூட்டை இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. காலியாக ஏறும்போதுதான் தொல்லை அதிகம்.

டிஃபரன்ஷியலை மாற்றிவிடலாம் என்று எண்ணுகிறேன். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் ட்ரூட்ராக் போன்ற கியர் வகை எல்.எஸ்.டி., டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போட்டு இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லஞ்ச் பாக்ஸ் லாக்கர், காற்றழுத்தத்தில் பூட்டிக்கொள்ளும் ஏ.ஆர்.பி. ஆகிய மூன்றையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பரிந்துரைக்கிறார்கள். என் கையில் உள்ள பணத்துக்கு ஒரு ஆக்சிலுக்குத்தான் செய்ய முடியும். இதே வண்டியில்தான் வாரந்தோறும் வத்தலக்குண்டுக்கு மலையிறங்குகிறோம். என் மனைவியும் ஓட்டுவார். ஆகவே ஈரமான தார்ச்சாலை வளைவில் வண்டி எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளக் கூடாது. எந்த வகையை, எந்த ஆக்சிலில் போடலாம்?

பல்சக்கரம் எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன இரண்டு இடங்களிலும் வண்டி நிற்பதற்கான காரணம் வேறு வேறு. வளைவில் நான்கு சக்கரங்களும் தரையில்தான் இருக்கின்றன, பிடிப்புத்தான் குறைவு. நீர்த்தடத்தில் சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

ஓப்பன் டிஃபரன்ஷியலில் ‘விசை முழுவதும் வழுக்கும் சக்கரத்துக்கே போய்விடுகிறது’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் பக்கம் போவது சுழற்சி மட்டுமே. முறுக்குவிசை இரண்டு பக்கமும் எப்போதும் சமமாகவே இருக்கும். ஆனால் பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அதுவே மற்றதற்கும் உச்சவரம்பு ஆகிவிடுகிறது. ஒரு கணக்குக்காக, உங்கள் பின் ஆக்சிலில் ஒரு சக்கரம் களிமண்ணில் 200 நியூட்டன் மீட்டரும், மற்றது கல்லின் மேல் 900 நியூட்டன் மீட்டரும் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓப்பனில் கிடைப்பது 200க்கு 200, மொத்தம் 400. கியர் வகை எல்.எஸ்.டி.யின் விசைப்பங்கீட்டு விகிதம் 3 என்றால், பிடிப்புள்ள சக்கரத்துக்கு 600 வரை போகும், மொத்தம் 800. முழுதாகப் பூட்டிய ஆக்சிலில் இரண்டும் தாங்கும் அளவு முழுவதும் கிடைத்து 1100 ஆகும். இந்த நிலையில் எல்.எஸ்.டி. ஓப்பனைப் போல இரண்டு மடங்கு தருகிறது. உங்கள் வளைவுக்கு அது போதும்.

இப்போது அதே சக்கரம் காற்றில் தொங்குகிறது என்று கொள்ளுங்கள். அது தாங்கும் விசை ஏறத்தாழ பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ட்ரூட்ராக், டோர்சன், குவைஃப் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கியர் வகைக்கு இந்த எல்லை உண்டு. பிரேக்கை இலேசாக மிதித்துத் தொங்கும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு தடையைக் கொடுத்தால் மறுபக்கத்துக்கு விசை பாயும். முன்னும் பின்னும் டோர்சன் பொருத்தப்பட்ட அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டிகளை ஓட்டுபவர்களுக்கு இந்த முறையைப் பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள். ஆனால் அவர்களுடையது 6 லிட்டருக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின். உங்களுடையது 103 நியூட்டன் மீட்டர் மட்டுமே தரும் 1.3 லிட்டர் எஞ்சின். ஏற்றத்தில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால், பிடிப்புள்ள சக்கரங்களையும் அந்தப் பிரேக் இழுத்துப் பிடிப்பதால், எஞ்சின் அணைந்துபோகவே வாய்ப்பு அதிகம். தட்டு வகை எல்.எஸ்.டி.யில் தொடக்க அழுத்தம் என்று ஒன்று இருப்பதால் சக்கரம் தொங்கும்போதும் கொஞ்சம் விசை கிடைக்கும். ஆனால் தட்டுகள் தேயும், அதற்கென்று தனிச் சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும், தேயத் தேய ஓப்பனை நோக்கித்தான் திரும்பிக்கொண்டிருக்கும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது முழுதாகப் பூட்டும் லாக்கர். அதைத் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையாக எடுப்பதா, நீங்கள் பூட்டும்போது மட்டும் பூட்டும் வகையாக எடுப்பதா என்பதுதான் மிச்சக் கேள்வி.

லஞ்ச் பாக்ஸ் லாக்கர் தானியங்கி. ஆக்சிலரேட்டர் மிதிபட்டிருக்கும்போது சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஷாஃப்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட விரும்பினால் அந்தப் பக்கத்துப் பற்களை மட்டும் நழுவவிடும், அப்போது ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்கும். மெதுவாகப் போகும்போது இதனால் தொல்லை இல்லை. மலைச்சாலை வளைவில் தொல்லை எங்கே வருகிறது என்றால், எஞ்சின் இழுக்கும்போது உள்சக்கரமும், காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் வரும்போது வெளிச்சக்கரமும் விசையை ஏற்பதால், வளைவின் நடுவில் நீங்கள் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளப்படும். நீண்ட வண்டியில், ஆட்டோமேட்டிக் கியரில், இதை ஓட்டுநர் உணராமலே போகலாம். 2375 மில்லிமீட்டர் வீல் பேஸும் ஏறத்தாழ 1000 கிலோ எடையும் கொண்ட மேனுவல் கியர் வண்டியில் நன்றாகவே தெரியும். ஈரச் சாலையில் அது வெறும் அசௌகரியமாக மட்டும் இருக்காது. இரண்டு பேர் ஓட்டும் வண்டியின் பின் ஆக்சிலில் தானியங்கி லாக்கரை நான் போடமாட்டேன்.

என் பரிந்துரை, பின் ஆக்சிலில் காற்றழுத்த லாக்கர். ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாய்வதால் அங்கே பூட்டுவதில்தான் பலன் அதிகம்.

செம்மண்சாலை எழுதியது:

பல்சக்கரம் ஐயா சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். முடிவைத்தான் முழுதாக ஏற்க முடியவில்லை. லஞ்ச் பாக்ஸ் லாக்கரைப் பின்னால் போட வேண்டாம் என்பது சரி. முன்னால் போடலாமே? மிளகுக்கொடியின் வண்டியில் கையால் பூட்டும் ஹப் இருக்கிறது. தார்ச்சாலையில் ஹப்பைத் திறந்துவிட்டால் முன் ஆக்சிலின் ஷாஃப்டுகளும் டிஃபரன்ஷியலும் சக்கரங்களோடு தொடர்பே இல்லாமல் கிடக்கும். உள்ளே லாக்கர் இருப்பது ஸ்டியரிங்கில் தெரியவே தெரியாது. மண்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி இரண்டு ஹப்பையும் திருப்பினால் மூன்று சக்கரங்கள் உறுதியாகச் சுழலும் வண்டி கிடைத்துவிடும். சுசூகி சாமுராய் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். செலவும் காற்றழுத்த லாக்கரில் ஒரு பங்குதான். புதிய கூடும் வேண்டாம், பழைய கூட்டுக்குள்ளேயே பொருத்திவிடலாம்.

இதைச் சேர்த்துச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘மஹிந்திரா தார் வண்டியில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் வருகிறதே, அதைப்போல ஒன்றைப் போட்டால் என்ன’ என்று யாராவது கேட்கக்கூடும். என்னிடம் இருக்கும் தாரின் பின் ஆக்சிலில் ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர் இருக்கிறது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே சுழற்சி வேறுபாடு நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டும்போது உள்ளே ஓர் எடை வெளியே வீசப்பட்டுக் கொக்கி மாட்டிக்கொள்ளும்; வண்டி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது மாட்டாது. சாலையில் மிகப் பாதுகாப்பானது, ஓட்டுபவர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அது பூட்டுவதற்கு முன் ஒரு சக்கரம் நன்றாகச் சுழன்றாக வேண்டும். கல்பாதையில் இது பரவாயில்லை. களிமண்ணில் அந்த ஒரு நொடிச் சுழற்சியே மேல்மண்ணை மெழுகிவிடும், பிறகு ‘டம்’ என்று பூட்டும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பக்கவாட்டில் நகரும். ஜிம்னி போன்ற வண்டிகளில் லாக்கருக்குப் பதிலாக, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. அதிலும் முதலில் சுழற்சி, பிறகுதான் உதவி. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநரே பூட்டும் லாக்கர்களைக் கம்பெனியே கொடுப்பதன் அருமை மழைக்காலத்தில்தான் புரிகிறது.

கூடலூர் தேயிலை எழுதியது:

தம்பி மிளகுக்கொடி, இருவரும் சக்கரம் முன்னோக்கி இழுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். மலைத்தோட்டப் பாதையில் வண்டி பக்கவாட்டில் வழுக்குவதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் மண்சுவர் என்றால் மறுபக்கம் பள்ளமாகத்தான் இருக்கும்.

ஓப்பன் டிஃபரன்ஷியல் உள்ள ஆக்சிலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலும்போது, மற்றது சுழலாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்கிறது. வண்டி முன்னேறாது, ஆனால் சரியவும் சரியாது. லாக்கர் பூட்டியிருக்கும்போது பிடிப்பு போனால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். சுழலும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறத்தாழ இல்லாமல் போவதால், பாதை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியின் வால் இறங்கத் தொடங்கும். சரிவான களிமண் பாதையில், பள்ளத்துப் பக்கம் சாய்ந்த இடத்தில், லாக்கரைப் போட்டுக்கொண்டு எஞ்சினை முறுக்குவதைப் போல ஆபத்தானது வேறில்லை. தானியங்கி லாக்கர் பின்னால் இருந்தால் இதை நிறுத்த உங்களுக்கு வழியே கிடையாது.

செம்மண்சாலை தம்பி சொல்வது போல முன்னால் போட்டால் வால் சரியாது, உண்மைதான். ஆனால் முன்சக்கரங்கள் இரண்டும் பூட்டப்பட்ட வண்டி திரும்ப மறுக்கும். உங்களுடைய முதல் சிக்கலே ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு, முன் லாக்கரும் போட்டு, லோ கியரில் (மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் ஃபோர் வீல் நிலையில்) ஏறும்போது முழு விசையும் முன் ஆக்சிலின் மடங்கும் மூட்டு ஒன்றின் மேல் விழும். அந்த மூட்டு மிகவும் பலவீனமாக இருப்பதும் முழுதாக மடங்கியிருக்கும்போதுதான். ஹப்பைத் திறந்துவிட்டால் ஃபோர் வீலே இல்லை. அதாவது, வளைவில் மட்டும் லாக்கரை விட்டுவிட்டு ஃபோர் வீலை வைத்துக்கொள்ளும் வசதி அந்த ஏற்பாட்டில் கிடையாது.

லாக்கர் வாங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். டயர் காற்றை 16 பி.எஸ்.ஐ. வரை குறைத்து, மண்பாதையில் மட்டும், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 1000 கிலோ வண்டிக்கு அது தாங்கும், ஆனால் தார்ச்சாலை ஏறுவதற்கு முன் கட்டாயம் மறுபடி நிரப்ப வேண்டும். அடுத்தது, அந்த நீர்த்தடங்களில் பெரிய கல்லாகப் பாவி, தண்ணீருக்கு மேல்பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். பாதை உங்களுடையதாக இருக்கும்போது எல்லாக் குறையையும் வண்டியிலேயே தீர்க்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

மிளகுக்கொடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கூடலூர் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பாதை எங்களுக்கு மட்டும் உரியதன்று. மேலே இன்னும் சில தோட்டக்காரர்களுக்குப் பொதுவானது. கல் பாவுவதைப் பற்றி அவர்களிடம் பேசுகிறேன், ஆனால் ஒவ்வொரு மழையும் புதிதாக ஒரு தடத்தை அறுத்துவிடுகிறது. டயர் காற்றைக் குறைப்பதை ஏற்கெனவே செய்துவருகிறேன். வளைவு அதனால் பெரும்பாலும் ஏறிவிடுகிறது. தொங்கும் சக்கரத்துக்குத்தான் அது உதவவில்லை. நீர்த்தடங்கள் இருக்கும் பகுதி நேரான ஏற்றம், பக்கச் சரிவு அங்கே இல்லை. வளைவு மட்டும் பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

பல்சக்கரம் எழுதியது:

இந்த விவரம் வந்தபின் சந்தேகத்துக்கு இடமில்லை. சாய்ந்த வளைவில் லாக்கர் வேண்டாம், நேரான ஏற்றத்தில் வேண்டும். இரண்டும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. ஸ்விட்சைத் தட்டிப் பூட்டவும் திறக்கவும் முடிகிற வகை ஒன்றுதான் இதற்குப் பொருந்தும். பின் ஆக்சில். வளைவை லாக்கர் இல்லாமல், காற்றுக் குறைத்த டயரோடு, லோவில் இரண்டாம் கியரில் ஏறுங்கள். தடங்களுக்கு முன்னால் வண்டி நேராக நின்றபின் பூட்டுங்கள். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டினால் பற்கள் மோதி உடையலாம். தடங்களைக் கடந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒரு சுற்று நேராக ஓட விடுங்கள். ஷாஃப்டில் முறுக்கம் மிச்சம் இருந்தால் உடனே விடாது, அதைப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

செம்மண்சாலை சொன்ன முன்பக்க யோசனை நல்ல யோசனைதான். பணம் குறைவாக இருந்து, பாதையும் நேராக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கூடலூர் அம்மா சொன்ன மூட்டு விஷயம்தான் அதை இங்கே தடுக்கிறது.

பொருத்துவதைப் பற்றிச் சில விவரங்கள். வாங்குவதற்கு முன் பின் ஷாஃப்டை வெளியே எடுத்து அதன் முனையில் உள்ள பற்களை எண்ணுங்கள். இந்த சுசூகி குடும்பத்தில் 22 பல், 26 பல் என்று இரண்டு வகையும் உண்டு, லாக்கர்களும் அதற்கேற்பத்தான் வருகின்றன. வண்டியின் ஆண்டை வைத்து ஊகித்து வாங்கினால் இறக்குமதிப் பொருளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. ஜிப்ஸியில் ஒரு வசதி, டிஃபரன்ஷியலை முழுக் கூடாகவே ஆக்சில் ஹவுசிங்கிலிருந்து முன்பக்கமாகக் கழற்றி எடுத்து மேசைமேல் வைத்து வேலை பார்க்கலாம். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய கியரான கிரவுன் வீலைப் புதிய கூட்டுக்கு மாற்றும்போது பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கிரவுனுக்கும் அதை ஓட்டும் சிறு கியரான பினியனுக்கும் இடையே உள்ள இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்கிறாரா, பல்லில் மை தடவித் தடம் பார்க்கிறாரா என்று பட்டறையில் கூடவே நின்று கவனியுங்கள். கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்தில் ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும், பிறகு கிரவுன் பினியன் ஜோடியாகவே போய்விடும்.

காற்றுக்குழாயை சைலன்சருக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. ஆக்சில் மேலும் கீழும் முழுதாக ஆடினாலும் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டு, பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கம்ப்ரஸர் 100 பி.எஸ்.ஐ. அளவில் வேலை செய்யும், லாக்கருக்குத் தேவைப்படும் காற்று மிகக் குறைவு. அதே கம்ப்ரஸரில் டயருக்கு நிரப்பும் குழாயையும் எடுத்துக்கொண்டால், தார்ச்சாலை ஏறுவதற்கு முன் டயருக்குக் காற்றடிக்கத் தனி பம்பு வாங்க வேண்டியதில்லை. லாக்கர் போட்டிருக்கும்போது கம்ப்ரஸர் அடிக்கடி தானாக ஓடினாலோ, ஆக்சிலின் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் வெளியே தள்ளப்பட்டாலோ, உள்ளே காற்று சீல் கசிகிறது என்று பொருள்.

கடைசியாக ஷாஃப்ட். 103 நியூட்டன் மீட்டர் என்பது எஞ்சினில்தான். லோவில் முதல் கியரில் அது ஆக்சிலுக்கு வரும்போது பல மடங்காகப் பெருகிவிடும், லாக்கர் போட்டு ஒரு சக்கரம் தொங்கினால் அதில் பின்பக்கம் வருவது முழுவதும் ஒரே ஷாஃப்டின் வழியாகத்தான் போகும். தொங்கிய சக்கரம் சுழன்றுகொண்டே வந்து திடீரென்று கல்லில் இறங்கும் கணத்தில்தான் ஷாஃப்ட் முறிகிறது. ஆகவே தடங்களில் ஆக்சிலரேட்டரை முறுக்காமல், எஞ்சின் அணையாத அளவுக்கு மட்டும் கொடுத்து நகர்த்துங்கள். உங்கள் மனைவியிடமும் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவைத்தால் போதும், மற்றதெல்லாம் ஸ்விட்சைத் தொடாதவரை பழைய ஜிப்ஸிதான்.